மெத்துனுதான் இருக்குது

இரும்பின் கெட்டியைப் பார்க்கிற ராக்வெல் மிசின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறி மடிக்கும்போதும் மருதாசலத்தின் வலது கை நடுவிரல் நுனியில் அது இருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போதும் இருந்தது. இறங்கி டீ குடித்தபோது சூடான கிளாஸையும் தாண்டி இருந்தது. கேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனாவுக்கும் விரலுக்கும் நடுவில், ஒரு சுண்டைக்காயை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. சுண்டைக்காய் இல்லை. சுண்டைக்காய் அழுத்தினால் நசுங்கும். இது நசுங்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவுவது வழக்கம். வேலை தொடங்குமுன் கழுவுவது இதுதான் முதல் தடவை. கழுவிய கையை மோந்து பார்த்தான், துடைத்தான், கட்டைவிரலால் நடுவிரல் நுனியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். தோல் தடித்துப்போன விரல். இரும்புப் பிசிறைத் தடவித் தடவி மரத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். பால் சூட்டைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத விரல் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த விரல் இன்றைக்குக் காலையில் ஒரே தொடலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. விரல் சொன்னதை வாய் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதானா?

அவன் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில். சுற்றியிருக்கிற பட்டறைகளிலிருந்து கியரும் சாஃப்ட்டும் பின்னும் கூடை கூடையாக வரும். உலையில் விட்டுச் செக்கச் செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இரும்பு இறுகும். இறுகியதா, கேட்ட அளவுக்கு இறுகியதா, அளவு மீறி இறுகிக் கண்ணாடியாட்டம் தெறிக்கப் போகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் மருதாசலத்தின் உத்தியோகம். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கோகிலவாணியின் அப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டதற்கு, "இரும்பு கெட்டியா இருக்குதான்னு பாக்கற வேலைங்க" என்றான். "அதென்னுங்க, இரும்பு கெட்டியாத்தான இருக்கும்? அதையும் ஒரு ஆள் பாக்கோணுமா?" என்றார் அவர். கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. அது அவள்தான் என்று அப்புறம் தெரிந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்திருக்கக் கூடாது. நினைத்ததும் அதன் பின்னாலேயே இன்றைய காலை வந்து நின்றுவிட்டது. குளித்துவிட்டு, தலையில் சுற்றிய துண்டோடு, "ஏனுங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். மகள் நிவேதா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். கோகிலா கதவைச் சாத்தினாள். சண்டை போடச் சாத்துவது ஒரு மாதிரி, மகளுக்குத் தெரியாமல் ஏதாவது பேசச் சாத்துவது ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லாத மாதிரி, சத்தமே வராமல் சாத்தினாள். அவன் கையைப் பிடித்து அவளே வைத்தாள். இடது பக்கம், அக்குளை ஒட்டி. ஈரம் காயாத தோல். "இந்த எடத்துல தொட்டுப் பாருங்க. நீங்கதான் நாள் முழுக்கக் கெட்டியா மெத்துனான்னு பாக்கறவராச்சே. உங்க கைக்குத் தெரியும்." அப்போதுகூட விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். விரலை வைத்தான். வைத்தானா? வைத்ததும் எடுத்துவிட்டான். "ஒண்ணும் இல்ல" என்றான். "கொழுப்புக் கட்டியாட்டம் இருக்குது. மெத்துனுதான் இருக்குது." "மெத்துனா?" "ஆமா." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "செரி" என்றாள். ரவிக்கையின் கொக்கியை மாட்டிக்கொண்டு போய்க் குக்கரை இறக்கினாள். தட்டப்பயிறு குழம்பு. டிபன் பாக்ஸை மூடும்போது மூடி சரியாக உட்காரவில்லை என்று இரண்டு தடவை தட்டினாள். அவன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

காலையில் முதல் வேலை, மிசின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கென்றே வெல்வெட் துணியில் பொதிந்து ஒரு சின்ன இரும்பு வில்லை இருக்கிறது. அதன் கெட்டி எவ்வளவு என்று அதன் மேலேயே வெட்டியிருக்கும். தெரிந்த கெட்டியை மிசினுக்குக் கொடுத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் தெரியாததைக் கொடுக்கலாம். வில்லையை மேடையில் வைத்தான். கீழேயுள்ள சக்கரத்தைச் சுற்ற மேடை எழும்பியது. வைரமுனை வில்லையைத் தொட்டதும் சின்ன முள் நகர்ந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. இது முதல் அழுத்தம், தொடுவதற்கு மட்டும். கைப்பிடியை இழுத்தால் உள்ளே தொங்கும் எடையெல்லாம் முனையின் மேல் இறங்கும். பெரிய முள் ஓடிப்போய், தயங்கி, நிற்கும். நின்ற பிறகு கைப்பிடியைத் திருப்பி, எடையைத் தூக்கிவிட்டு, அப்புறம் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். எண் சரியாக இருந்தது. மிசினில் பழுது இல்லை. வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதன் முகமெல்லாம் ஊசி குத்தினாற்போலப் பழைய புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ரொம்பப் பக்கத்தில் இன்னொன்று வைக்கக் கூடாது, ஏற்கனவே குத்துப்பட்ட இடத்தைச் சுற்றி இரும்பு இன்னும் இறுகியிருக்கும், தப்பாகச் சொல்லும். இந்த அறையில் இருப்பது எல்லாமே இப்படித்தான். வார்ப்படத்துக்கு அந்த மூலையிலுள்ள பிரினெல் மிசின். அது இரும்புக் குண்டை அழுத்தி அம்மைத் தழும்பாட்டம் பெரிய குழி வைக்கும், குழியின் அகலத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். மெல்லிசான சாமானுக்கு விக்கர்ஸ். அது வைக்கிற வடு கண்ணுக்கே தெரியாது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோலப்புள்ளிக்கு நடுவில் போட்ட கட்டம் மாதிரி இருக்கும். மிசின் இல்லாத இடத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. கடித்தால் மெது, வழுக்கினால் கெட்டி. கையில் எடுத்துப் போகிற சின்ன மிசின் ஒன்று, தட்டி எம்புகிற வேகத்தை வைத்துச் சொல்வது, அதுகூட ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் சொல்லும். குத்தாமல் கீறாமல் தட்டாமல் எதுவும் தன் கெட்டியைச் சொல்வதில்லை. டாக்டர்களிடம் வேறு மாதிரி மிசின் இருக்கும். இருக்குமா? சரஸ்வதியக்காவின் மார்புக் கட்டியை ஊசி வைத்துத்தான் பார்த்தார்கள். அக்காவை நினைக்காதே. வில்லையைத் துணியில் பொதிந்து வை. வைத்துவிட்டான். அக்கா போகவில்லை.

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த அக்கா. அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கை தூக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் இங்கே ஆசுபத்திரிக்குக் கூட்டி வந்தபோது, திரைக்கு வெளியே நின்ற மருதாசலத்துக்கும் கேட்கும்படி டாக்டரம்மா, "கல்லு மாதிரி இருக்கே, இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். கல்லு மாதிரி. அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது அன்றைக்கு; விரலில் விழுந்தது இன்றைக்கு. கல்லில்தான் எத்தனை கல். சாக்பீஸும் கல்தான், நகத்தால் கீறலாம். கருங்கல்லும் கல்தான். எந்தக் கல் என்று அந்த டாக்டரம்மா சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், மச்சான், நல்ல மனுசன், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். "ஒண்ணும் இல்ல சரசு, செரியாயிரும்." அக்கா கேட்டால் ஒண்ணும் இல்ல. கேட்காவிட்டாலும் ஒண்ணும் இல்ல. ஒரு நாள் அவர் அப்படிச் சொன்னதும் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவரோடு ரொம்பப் பேசவில்லை. நர்சோடு பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியோடு பேசினாள், மாடு கன்று போட்டதா என்று மருதாசலத்தைக் கேட்டாள், அவரோடு மட்டும் பேசவில்லை. அப்போது அவனுக்கு மச்சான் மேல் அப்படி ஒரு கோபம். செத்துக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரியாதா, இந்த மனுசன் யாரை ஏமாற்றுகிறார் என்று. இப்போதுதான் தெரிகிறது, அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வார்த்தை தானாக வருகிறது. படியில் கால் தவறினால் கை தானாகக் கம்பியைப் பிடிப்பதுபோல வாய் அதைப் பிடித்துக்கொள்கிறது. கோகிலாவின் முகம் எப்படி இருந்தது, "செரி" என்றபோது? சுவர்ப் பக்கம் திரும்பினாளா? இல்லை, குக்கர் பக்கம் திரும்பினாள். அது வேறு. அது வேறுதானே? மெத்தென்றுதான் இருந்ததோ என்னமோ. யார் கண்டது. ஒரு நொடி வைத்த விரல். ஈரத் தோல் வேறு. கீழே விலா எலும்பு இருக்கும், அது தட்டியிருக்கும். கொழுப்புக் கட்டி எத்தனை பேருக்கு வருகிறது, கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்கு நெற்றியிலேயே இருக்கிறது, அதைத் தடவிக்கொண்டேதான் சல்யூட் வைக்கிறார். அந்த வெல்வெட் துணியை மறுபடி பிரித்து மறுபடி பொதிந்துகொண்டிருந்தான்.

"என்ன மருது, அந்த கியர் லாட் என்னாச்சு?" மேனேஜர் தாமோதரன் கதவில் தலையை மட்டும் நீட்டிக் கேட்டார். "ஒண்ணும் இல்ல சார். செரியா இருக்குது" என்றான். அவர் தலையை எடுத்துக்கொண்டார். அவர் செருப்புச் சத்தம் ஆபீஸ் அறை வரைக்கும் போய் ஓய்ந்த பிறகுதான் மருதாசலம் குனிந்து பார்த்தான். கியர்க் கூடைகள் அவன் காலடியில் இருந்தன. எண்ணெய்கூடத் துடைக்கவில்லை. ஒன்றையும் அவன் எடுத்து மேடையில் வைக்கவில்லை. பார்க்காமல் சொல்வது அவனுக்கு வராது. அதற்காகவே அவனிடம் சலித்துக்கொண்ட பட்டறை முதலாளிகள் உண்டு. அவசர அவசரமாக ஒரு கியரை எடுத்துத் துடைத்தான், அடியில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவினான், நடுவிரலால் தடவாமல் மோதிரவிரலால் தடவினான். மேடையில் வைத்தான், சக்கரம், சிவப்புப் புள்ளி, கைப்பிடி. ஐம்பத்தொன்பது. கேட்டிருப்பது ஐம்பத்தெட்டுக்கு மேல். அப்பாடா. அடுத்தது அறுபது. அடுத்தது ஐம்பத்தொன்பது. பொய் சொன்னாலும் உண்மையாகிவிடும்போல இருந்தது. அதே மாதிரி வீட்டிலும், ஏன், அதே மாதிரி வீட்டிலும். உலையின் மூலையில் நின்ற கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். முள் ஓடியது, ஐம்பத்தாறைத் தாண்டவில்லை. துடைத்துவிட்டு வேறு பல்லில் வைத்தான். ஐம்பத்தைந்து. இன்னொரு பல். ஐம்பத்தாறு. அந்தக் கூடையில் இருந்த எல்லாமே அப்படித்தான்.

உலைக்காரர் இஸ்மாயில் வந்து பின்னால் நின்றிருந்தார். உலையின் சூட்டிலேயே நின்று கன்னம் எப்போதும் சிவந்திருக்கிற மனிதர், மருதாசலத்தோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். "மூலைக் கூடை மருது. தீ செரியாப் போயிருக்காது" என்று அவரே சொன்னார். "மறுபடி உலைல விட்டா இன்னைக்கு வண்டி போகாது. ரெண்டு புள்ளிதானே மருது. வேற பல்லுல பாரு." "மூணு பல்லுல பாத்துட்டேன்." "நாலாவதுல பாரு. ஒண்ணுலயாச்சும் வராமயா போயிரும்." வரும். அது மருதாசலத்துக்கும் தெரியும். எங்கேயாவது ஒரு பல்லில் ஐம்பத்தெட்டு வரும். வருகிறவரைக்கும் குத்திக்கொண்டே இருக்கலாம், வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம், அதைச் சொல்லலாம், அதற்குப் பேர் பொய்கூட இல்லை. "இது டிராக்டர்ல போறது பாய்" என்றான், சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, "மெத்துனு இருக்கறதைக் கெட்டியா இருக்குதுன்னு நான் எப்புடிச் சொல்றது? கெட்டியா இருக்கறதை மெத்துனு இருக்குதுன்னு எப்புடி..." நிறுத்தினான். இஸ்மாயில் அவனையே பார்த்தார். "கெட்டியா இருக்கறதை யாரு மெத்துனு இருக்குதுன்னு சொல்லச் சொன்னா?" என்றார் மெதுவாக. "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா மருது?" அவன் வாயில் அந்த 'ஒண்ணும் இல்ல' வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க அவன் எழுந்து வெளியே போகவேண்டியிருந்தது.

நேரே தாமோதரன் அறைக்குத்தான் போனான். "சார், அந்த லாட்ல மூலைக் கூடை மெத்துனு இருக்குதுங்க. திருப்பி விடோணும்." அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இப்பத்தான சரியா இருக்குன்னு சொன்ன?" "பாக்காமச் சொல்லிட்டனுங்க." "பாக்காமயா? நீயா?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, நம்ப முடியாததைக் கேட்டவர்போல அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான்தானுங்க" என்றான். சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை. அவர் போனை எடுத்து டிராக்டர் கம்பெனிக்காரனிடம் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லத் தொடங்கினார். இவ்வளவு லேசா இது? மருதாசலம் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வந்து, வேப்பமர நிழலில் நின்று, வீட்டுக்குப் போன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருப்பாள். மறுபடி. எடுக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் போனை ஜன்னலில்தான் வைத்திருப்பாள். பக்கத்து வீட்டு நம்பர் அவனிடம் இல்லை. இத்தனை வருசமாகப் பக்கத்து வீடு, ஒரு நம்பர் வாங்கி வைக்கத் தெரியவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்தியவள். மூடியை இரண்டு தடவை தட்டியவள். அவள் தனியாக உட்கார்ந்து அழுகிறாள், இல்லை அழமாட்டாள், அவள் அழுது அவன் பார்த்தது அவள் அப்பா செத்தபோது மட்டும்தான், அதுவும் எல்லாரும் போன பிறகு. அழமாட்டாள், கண்ணாடி முன்னால் நின்று மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள், மெத்துனுதான் இருக்குது என்று அவன் சொன்னதை நம்பி, தன் கை சொல்வதை நம்பாமல், நாளைக்குப் பார்க்கலாம், வைகாசிக்குப் பார்க்கலாம், மகள் காலேஜ் சேரட்டும் பார்க்கலாம் என்று. அவன் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம், யாரோ குழந்தை அழுதது, யாரோ வரிசையாகப் பேர் வாசித்தார்கள்.

"எங்க இருக்கற?" என்றான்.

"ஆசுபத்திரிலீங்க."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகு அவனுக்கே காது கூசியது.

"காட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நேத்தே சொல்லி வெச்சாப்ல நிவேதாவைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நாந்தான் மெத்துனு இருக்குதுன்னு சொன்னனே கோகிலா."

"சொன்னீங்க" என்றாள். "ஆயுத பூசைக்கு எங்களைக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த மிசின்ல என்னைய ஒருக்கா இழுக்கச் சொன்னீங்க. நான் வெடுக்குனு கையை எடுத்துப்போட்டேன். முள்ளு நிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது, அவசரப்பட்டு எடுத்தா அது பொய்தான் சொல்லும்னு சிரிச்சீங்க. காத்தால நீங்க வெச்ச கையை வெடுக்குனு எடுத்தீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டான். பட்டை உள்ளங்கையில் குத்தியது.

"கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றான். "நல்ல கெட்டி."

"ம்" என்றாள். "தெரியும்." அப்புறம், "பாதில வந்தா வேலை கெடுமில்லீங்க?" என்றாள்.

"இப்ப வர்றேன்."

தாமோதரனிடம் என்ன சொன்னான், அவர் என்ன சொன்னார் என்பது அவனுக்குச் சரியாக நினைவில்லை. இஸ்மாயில் தன் வண்டிச் சாவியைக் கையில் திணித்தது நினைவிருக்கிறது. கணபதியிலிருந்து ஊருக்குள் போகிற ரோட்டில், பஸ்ஸும் லாரியும் உரசுகிற நெரிசலில், மனசு ஒரே இடத்தில் நிற்காமல் ஓடியது. பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன் என்கிறாள். அப்படியென்றால் நேற்றைக்கே நினைத்திருக்கிறாள். காலையில் அவனைக் கூப்பிட்டது எதற்கு? கேட்கத்தான் கூப்பிட்டாளா? தெரிந்துகொள்ளவா கூப்பிட்டாள்? தெரிந்தவள் எதற்குக் கேட்பாள்? ஒரு ஆட்டோக்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். இவன் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு வேண்டியிருந்தது கூட ஒரு ஆள். வாங்க போலாம் என்று அவன் சொல்லவேண்டியிருந்தது. அதைத்தான் அவள் கேட்டாள், கையைப் பிடித்து வைத்துக் கேட்டாள். அவனோ எண்ணைச் சொன்னான். அதையும் தப்பாகச் சொன்னான்.

பெண்கள் பக்கத்து வராந்தாவில் நீள நீளமான பெஞ்சுகள். கோகிலவாணி கடைசிப் பெஞ்சில், கல்யாணத்துக்குப் போகும்போது கட்டுகிற ஊதாப்பூச் சேலையில், பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தான். "சாப்பிட்டீங்களா?" என்றாள். பதில் சொல்வதற்குள் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். கூடப் போனான், நர்ஸ் அம்மா, "ஆம்பளைங்க அங்கயே" என்று கையைக் காட்டினாள். பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றான். இதே மாதிரி ஒரு திரை, இதே மாதிரி கால்கள் மட்டும் தெரியும் இடைவெளி. கல் என்ற சொல் வரப்போகிறது என்று உடம்பு பூராவும் காது வைத்துக்கொண்டு நின்றான். வரவில்லை. "வலிக்குதா?" "இல்லீங்க." "இங்க?" "இல்லீங்க." "எவ்ளோ நாளா இருக்கு?" "ரெண்டு மாசமா" என்றாள் அவன் மனைவி.

ரெண்டு மாசம். மாசியில் குலதெய்வம் கோயிலுக்குப் போனார்கள், அப்போது இருந்திருக்கிறது. அவன் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறினாள், அப்போதும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் அவனுக்கு ஒரு கை தூரத்தில் படுத்திருந்தாள். உலகத்தில் இருக்கிற இரும்பையெல்லாம் தொட்டுப் பார்த்தவன். திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண், அக்காவைப் பார்த்த டாக்டரம்மா மாதிரி இல்லை. "இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. அப்புறம் ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். கையால தொட்டுப் பாத்து நான் எதுவும் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. வந்துட்டீங்கல்ல, அதுவே நல்லது" என்று அவனிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தனை படித்தவர், அத்தனை பேரைத் தொட்டவர், முடியாது என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவனுக்கும் காலையில் அந்த வார்த்தை இருந்தது. எனக்குத் தெரியல கோகிலா. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஸ்கேன் அறைக்கு முன்னாலும் பெஞ்ச், அங்கேயும் வரிசை. இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய பை.

"ரெண்டு மாசமா?" என்றான்.

"பொண்ணு பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். போன வாரந்தான முடிஞ்சுது."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ஒண்ணும் இல்லைம்பீங்க" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவனுக்குக் காப்பியில் சர்க்கரை குறைவாகப் பிடிக்கும் என்று சொல்வதுபோல, தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல். எதிர்ப் பெஞ்சில் ஒரு பாட்டி பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நெசமாலுமே பயமா இருக்குதுங்க. உங்கக்காவைப் பாத்தவதான நானும்."

இத்தனை வருசத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. நிவேதா பிறக்கும்போது கத்தியை வைக்கவேண்டும் என்று சொன்ன ராத்திரிகூடச் சொல்லவில்லை. அவன் வாய் திறந்தது. அந்த 'ஒண்ணும் இல்ல' வந்தது. நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது, தயாராக, பழக்கப்பட்டதாக. அவளும் அதற்காகவே காத்திருப்பவள்போல, அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டத் தயாராக, அவன் பக்கம் திரும்பாமல் இருந்தாள். அவன் அவசரப்படவில்லை. முள் நிற்கட்டும் என்று விட்டான்.

"எனக்கும் பயமா இருக்குது" என்றான். "காத்தால இருந்து கை நடுங்குது. இங்க பாரு."

நீட்டினான். அவள் பார்த்தாள். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒருத்தரைக் கூப்பிட்டார்கள், பெஞ்சில் எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவர்களும் தள்ளி உட்கார்ந்தார்கள்.